எட்டு நாள் பால்

தம்பி,

எங்கள் நலத்தைக் கேட்டால் பாதிதான் சொல்ல முடியும். உன் அப்பா நலமாக இருக்கிறார். வரும் திங்கட்கிழமை தனக்குக் கண் ஆபரேஷன் என்ற நினைப்பே இல்லாமல் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருக்கிறார். குழம்பிக் கிடப்பது நான்தான். நீ அனுப்பிய ஃபாரம் மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டின்னுக்கு அடியில் இருக்கிறது. அப்பாவின் இடது கண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் அந்த வெள்ளை விழுந்த வட்டத்தை உன் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று முதல் பக்கம் கேட்கிறது. அதில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "வெட்டி எடுத்தத வச்சி நான் என்ன பண்ணப் போறேன், சம்பலா வச்சித் திங்கப் போறேன்?" என்றார். இரண்டாம் பக்கத்தை நான் நிரப்ப வேண்டும், என் மலாய் எழுத்துத்தான் இந்த வீட்டில் படிக்கும்படி இருக்கும். அங்கே ஒரு கேள்வி: அடிபட்ட பிறகு கண்ணில் என்னென்ன இட்டீர்கள், மருந்து, கைவைத்தியம் எல்லாம் எழுதவும். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்றால், நீ "பரவால்லம்மா" என்று நான் முடிப்பதற்குள் சொல்லிவிடுவாய். அதோடு இது வளர்ந்த பிள்ளையிடம் வாயால் சொல்லும் விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் டாக்டரைப் பார்த்துவிட்டு எங்களை உன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனாயே, அன்றிலிருந்தே எனக்கு மண்டை சரியில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, காலுக்கு நீல உறை மாட்டி, ஏதோ கோயிலுக்குள் நுழைகிற மாதிரிதான் நுழைந்தோம். நீ ஒரு பெட்டியைத் திறந்தாய். பார்ப்பதற்கு ஐஸ் பெட்டி. கையை நீட்டினால் உள்ளே உடம்புச் சூடு. தட்டுத் தட்டாக ரோஸ் சிராப் தண்ணீர் நிறத்தில் ஏதோ இருந்தது. கோர்னியா, அதாவது கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற தோல், அதிலிருந்து எடுத்த செல்கள் அந்தத் தண்ணீருக்கு அடியில் உயிரோடு இருக்கின்றன என்றாய். யாருடைய கண் என்று கேட்டேன். இறந்துபோன ஒருவர் தானம் கொடுத்த கண், அப்பாவுக்கு வைக்கப்போவதுபோல் வேறொருவருக்கு வைத்துத் தைத்தது போக மிஞ்சிய ஓரம் என்றாய். செத்தவருக்குக் காரியமெல்லாம் முடித்திருப்பார்கள். அவருடைய துண்டு ஒன்று இங்கே பெட்டிக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர் போய்விட்டாரா இருக்கிறாரா என்று கேட்க வாயெடுத்து, பக்கத்தில் உன்னோடு வேலை செய்யும் அந்தச் சீனப் பெண் நின்றதால் அடக்கிக்கொண்டேன். இன்னும் கேட்கவில்லை. இன்னும் தெரியவில்லை.

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவ இந்தத் தண்ணிய மாத்தணும்மா. அதுதான் அதுக்குச் சாப்பாடு. மாத்தலன்னா செத்துப் போயிடும்" என்றாய்.

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஞாயித்துக்கெழமையும்தான்."

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமை நீ ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று நான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு பெண் இருப்பாள் என்றுகூட நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. நீ யாருக்கோ சோறு ஊட்டத்தான் போயிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே நீ அதைக் கெடுத்தாய். இரண்டு தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்குக் கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீரை ஊற்றுகிறோம், மற்றதற்கு அது கிடையாது, கொஞ்சம் வைட்டமின் சி மட்டும் என்றாய். கன்றுக்குட்டி என்றதும் நான் ஓரடி பின்னால் போனதை நீ பார்த்தாய். உன் அப்பா சும்மா இருப்பாரா? "நீ மட்டும் கன்னுக்குட்டி வாயிலேருந்து புடுங்கித்தானே தேத்தண்ணிக்குப் பால் ஊத்துற, அது மட்டும் பரவால்லயா லா" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு நீ அந்தப் பூதக்கண்ணாடியில் காட்டினாய். முதல் தட்டில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, கொழுகொழுவென்று, ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஊட்டம் போட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தன. இரண்டாவது தட்டில் கொஞ்சம்தான். மெலிந்து, கையைக் காலை நீட்டி ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும். பாவமாக இருந்தது. "இதுக்கும் கொஞ்சம் ஊத்தேன்" என்றேன். நீ சிரித்தாய். அந்தக் கொழுத்த செல்கள் பெருகுமே தவிர வேலையை மறந்துவிடும், கொலாஜன் என்கிற நூலைக் கண்டபடி அள்ளிப்போடும், அது வெள்ளையாகத்தான் வரும், தழும்பு மாதிரி. மெலிந்தவை பெருகாது, ஆனால் கண்ணுக்குள் இருந்தபோது என்ன செய்தனவோ அதையே செய்யும். அதே நூலை ஒரே பருமனில் ஒரே இடைவெளி விட்டுப் போடும், நூலுக்கும் நூலுக்கும் நடுவில் அந்த இடைவெளியைக் காக்கிற இன்னொரு பொருளையும் உண்டாக்கும். அப்போதுதான் வெளிச்சம் உள்ளே போகும். இப்படியெல்லாம் சொன்னாய். பெயர்களைக் கிளினிக் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாய். கொலாஜன், கெரட்டான், மூன்றாவதை உன் கிறுக்கலில் என்னால் படிக்க முடியவில்லை.

எனக்கு ஏறவில்லை. நீ சொன்னபடி குதிகால் நரம்பிலும் அதே நூல், கண்ணிலும் அதே நூல் என்றால் ஒன்று ஏன் வெள்ளை, ஒன்று ஏன் கண்ணாடி? உன் அப்பாவுக்குத்தான் சட்டென்று புரிந்தது. "நம்ம செம்பனைத் தோட்டம்தான்டா இது" என்றார். "நெரையில நேரா நின்னு பாரு. அந்தக் கடைசி ரோட்டுல போற லோரி வரைக்கும் தெரியும். அதே மரத்தக் கண்ட எடத்துல நட்டிருந்தா? பத்தடிக்கு அப்பால ஒன்னும் தெரியாது. மரம் என்னவோ அதே மரம்தான்." நீ பூதக்கண்ணாடியிலிருந்து கையை எடுத்து அவர் பக்கம் திரும்பினாய். பிறகு, "எங்க புரொஃபசர் ஒரு மணி நேரம் சொல்லுவாருப்பா இத" என்றாய். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவர் பார்த்ததை நான் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு பார்க்கவில்லை. அதற்கும் மேலே நீ ஒன்று சொன்னாய். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அப்பாவின் கண்ணில் இருக்கிற வெள்ளை ஒரு நோய் இல்லை என்றாய். அடிபட்டதும் சும்மா கிடந்த செல்கள் எழுந்து, காயத்தை மூட அவசரமாக ஓடி வந்து, கைக்கு வந்தபடி நூலைப் போட்டுவிட்டன; காப்பாற்ற வந்ததுதான் கண்ணை மறைத்துவிட்டது என்றாய். அந்தச் செல்களைத் திரும்பப் பழைய வேலைக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான் உனக்கு அந்த வட்டம் வேண்டும் என்றாய். முடியுமா என்று அப்பா கேட்டார். "தெரியாதுப்பா" என்றாய், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மரத்து மட்டை விழுந்து அப்பாவுக்குக் கண் போயிற்று என்றுதான் நீ கேட்டு வளர்ந்தாய். பள்ளிக்கூடத்தில் கட்டுரைகூட எழுதினாய். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. நீ பிறந்து நாற்பது நாளுக்குள் நடந்தது. அப்போது பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா நீளக் கம்பில் அரிவாள் கட்டி, எண்ணெய்க்குப் போகிற செம்பனைக் குலை வெட்டுவார். நிமிர்ந்துகொண்டே செய்கிற வேலை. மேலிருந்து தூசி, செதில், எறும்பு என்று ஏதாவது முகத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மட்டையோடு ஏதோ ஒன்று வந்து இடது கண்ணில் கீறிவிட்டது. தோட்டத்து மருந்துக்கடையில் மருந்து கொடுப்பவரை அப்போது டிரசர் என்போம். அவர் கழுவிவிட்டு, சொட்டு மருந்து கொடுத்து, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு. வேற எதையும் கண்ணுல ஊத்தாத. பால் கீல் ஒன்னும் ஆவாது, தெரியுதா?" என்றார். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கேட்டேன். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார் என்றால், அந்த லயம் முழுக்க என் பாலுக்கு ஒரு பேர் இருந்தது. தலைச்சன் பிள்ளைக்காரியின் பால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். கண்வலி வந்த பிள்ளைகளை என்னிடம் தூக்கி வருவார்கள். பாலாடைச் சங்கில் கொஞ்சம் பீய்ச்சி இரண்டு சொட்டு விடுவேன். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். தானாகவே சரியாகியிருக்குமோ என்னவோ, பேர் எனக்கு வந்தது. எங்களை வேலை வாங்குகிற மண்டோரின் பெண்டாட்டியே தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள் என்றால் பார்த்துக்கொள். இருபத்திரண்டு வயது, ஆறாம் வகுப்போடு நின்றிருந்த காலம். அதுவரை என்னைத் தேடி யாரும் எதற்கும் வந்ததில்லை. தலைக்கு ஏறிவிட்டது. ஊரார் பிள்ளைக்கெல்லாம் கேட்கிற பால் என் புருஷனுக்குக் கேட்காதா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். "இன்னிக்கு ஒரு நாள் பாப்போங்க" என்றேன். உன்னையும் என்னையும் தனியாக விட்டுப் போக அவருக்கும் மனமில்லை, உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளும் அதையே சொன்னேன். தம்பி, இன்னிக்கு ஒரு நாள் என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் போயிற்று. அவரை மடியில் படுக்க வைத்து, உனக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அவர் கண்ணில் விடுவேன். ஐந்தாம் நாள் கருவிழியில் ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு வெள்ளை தெரிந்தது. பால்தான் படிந்திருக்கிறது என்று துணியால் ஒற்றி எடுக்கப் பார்த்தேன். அது வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் மலாயில் கேட்டாள், கண்ணில் வேறு ஏதாவது போட்டீர்களா என்று. நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், அந்த நல்ல கண்ணால். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு கண்ணில் பூ விழுந்து, குலை வெட்ட முடியாமல் புல் வெட்டப் போய், தோட்டத்தை விட்டு வந்து ஜாகா வேலைக்கு, கேட்டில் காவலுக்கு நின்ற எந்த நாளிலும் சொல்லவில்லை. போன மாதம் டாக்டர் உன்னை வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார், ஞாபகமிருக்கிறதா? வலது கண்ணிலும் புரை விழுகிறது, அதைத் தொடுவதற்கு முன்னால் இடது கண்ணுக்குக் கொஞ்சம் வெளிச்சம் வரவழைத்துவிட்டால் நல்லது என்று சொன்ன அந்த டாக்டர். அப்போதும் நான்தான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். பழக்கமாகிவிட்டது.

உனக்கு நான் செய்தது இன்னும் இருக்கிறது. அம்மாவுக்குப் பால் வற்றிப்போனதால் நீ டின் பால் குடித்து வளர்ந்தாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டில் நீயே அதைச் சொல்லிச் சிரிப்பாய். வற்றவில்லை, ராசா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நீ அழுதாய், தூக்கினேன், மார்பில் வைக்கக் கை வரவில்லை. இந்தப் பால்தானே அந்தக் கண்ணைப் பழுதாக்கியது, பிள்ளையை என்ன செய்யுமோ என்று ஒரு பயம். பைத்தியக்காரப் பயம்தான், அன்றைக்கு அது எனக்கு உண்மையாக இருந்தது. டவுனிலிருந்து மல்லிகைப் பூ வாங்கி வரச்சொல்லி மார்பில் வைத்துக் கட்டிக்கொண்டேன். அப்படிக் கட்டினால் பால் நின்றுவிடும் என்பார்கள், நின்றுவிட்டது. நீ இரண்டு நாள் டின் பாலைத் துப்பித் துப்பி அழுதாய். இன்றைக்கும் மல்லிகை வாசம் வந்தால் எனக்கு அந்த அழுகைதான் கேட்கும். நான் ஏன் பூ வைப்பதில்லை என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய், தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் கொடுக்காமல் விட்டதையெல்லாம் சோறாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. போதும் போதும் என்று நீ கையால் தட்டை மூடுவாய், உன் விரல் மேலேயே குழம்பை ஊற்றியிருக்கிறேன். இன்றைக்கும் போனை எடுத்தால் முதலில் சாப்பிட்டியா என்றுதான் வருகிறது. உனக்கு முப்பது வயது ஆகப்போகிறது.

பாலால்தான் கண் போயிற்றா? அதுவும் எனக்குத் தெரியாது. கண்ணில் விழுந்த செதிலிலேயே பூஞ்சணம் இருந்திருக்கலாம், முதல் நாளே போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாமல் போயிருக்கலாம். போயிருந்தால் தப்பியிருக்கலாம். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போது அந்த வட்டத்தை வெட்டியெடுத்து உன் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைக்கப் போகிறாய். என் பால் அதில் தெரியுமோ என்று பயந்தேன். தெரியாது என்று எனக்கே ஒரு பக்கம் தெரியும், ஆனாலும் பயந்தேன். நீ பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமலே விட்டால் நீ கண்டுபிடிக்கவே மாட்டாய் என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது, ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. தெரியாது என்று சொல்கிற வாய் உனக்கு இருக்கிறது. எனக்கு அன்றைக்கு அது இல்லை. அந்த டிரசருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்று ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும். நாளைக்கு நீ பெரிய ஆளாகி, ஊரார் உன்னைத் தேடி வந்து நிற்கும்போதும் அந்த வாயை மூடிவிடாதே.

இதுவரை எழுதி இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் ஒருவழியாக இரண்டாம் பக்கத்தை நிரப்பினேன். தாய்ப்பால், ஒன்பது நாள் என்று மலாயில் எழுதினேன். உன் அப்பாவிடம் கொடுத்து, "படிச்சுப் பாருங்க, பையனுக்கு இது தெரியட்டும்" என்றேன். அவர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்து, தாளை வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ரொம்ப நேரம் படித்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஒம்போது இல்ல, எட்டு" என்றார்.

"என்னது?"

"எட்டு நாள்தான் புள்ள. ஒம்போதாவது நாள் காலையில நீ பாலாடையோட வந்தே, நான் வேணாம்னுட்டு ஆஸ்பத்திரிக்கு எந்திரிச்சேன். சரியா எழுது. அவன் ஆராய்ச்சி பண்றவன், கணக்கு தப்பக்கூடாது."

நான் ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினேன். தாளைத் திருப்பி வாங்கப் போனேன், அவர் விடவில்லை. "ராத்திரியெல்லாம் எரியும் அந்தக் கண்ணு. டிரசர் மருந்துக்குக் கேக்காது. நீ ஊத்துறப்ப மட்டும் கொஞ்ச நேரம் அடங்கும். அந்த எட்டு நாளும் அதாலதான் படுத்தேன். அதையும் எழுது" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மோட்டார் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஃபாரத்தில் அதை எழுத இடமில்லை, அதனால் உனக்கு எழுதிவிட்டேன். ஃபாரத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் போடுகிறேன், திங்கட்கிழமை கையில் கொடுப்பேன், எங்கள் முன்னால் படிக்காதே. எனக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அப்பாவின் கண்ணிலிருந்து எடுத்ததைத் தட்டில் போட்டு முதல் தடவை நீ ஊட்டும்போது எனக்குப் போன் போடு. என்ன ஊற்றுகிறாய், எவ்வளவு ஊற்றுகிறாய் என்று சொல். கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவம், இன்னும் கொஞ்சம் ஊற்று என்று நான் சொல்வேன். கேட்காதே.

அம்மா